மூன்றாம் கட்டு

அடையாற்றின் வடகரையில் இருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பெயர் தந்தவர் ஒரு பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தவர் என்பது, அங்கே குடியிருப்பவர்களுக்கே பல வேளைகளில் நினைவில் இருப்பதில்லை. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கானாடுகாத்தானைச் சேர்ந்தவர். அதாவது, வீட்டைக் கட்டு கட்டாக எண்ணும் ஊரைச் சேர்ந்தவர். பெரிய நகரத்தார் வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். முகப்பு விருந்தினருக்கும் வணிகப் பேச்சுக்கும், வளவு குடும்பத்துக்கும் சடங்குகளுக்கும், இரண்டாம் கட்டு பந்திக்கும் பண்டங்களுக்கும் என்று அமைய, அடுப்பும் அம்மியும் ஆட்டுரலும் கிணற்றடியும் எல்லாவற்றுக்கும் பின்னால் மூன்றாம் கட்டில் இருக்கும். புகை, ஈரம், வெக்கை, இடிப்பதன் அதிர்வு ஆகிய நான்கும் தேக்குத் தூணுக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் ஆகாதவை என்ற அனுபவம் அந்த அமைப்புக்குள் படிந்திருக்கிறது. ஒரு பழைய பொறியியல் கல்லூரிக் கட்டடத்தோடு நவீன ஆய்வகத்தைச் சேர்ப்பதைப் பற்றி எண்ணுவதற்கு வெளிநாட்டு முன்மாதிரிகளுக்குப் போகும் முன் இந்த வீட்டைச் சற்று நேரம் பார்த்திருப்பது பயன் தரும். ஏனெனில் ஆய்வகத்தின் தொந்தரவுகள் என்று பொறியாளர்கள் இன்று பட்டியலிடுபவை அனைத்தும் அடுக்களையின் தொந்தரவுகளே, அளவில் மட்டும் பெருத்தவை.

ஆற்றைக் கோட்டூர்புரம் பாலத்தில் கடந்து காந்தி மண்டபம் சாலையில் சென்றால், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் சிவந்த பழைய கட்டடம் இருக்கிறது. அக்கல்லூரியின் தொடக்கம் 1794-இல், புனித ஜார்ஜ் கோட்டையை அடுத்து மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளரின் முயற்சியால் ஏற்பட்ட நில அளவைப் பள்ளி. அது 1859-இல் பொறியியல் கல்லூரி என்று பெயர் பெற்று, பல பத்தாண்டுகள் சேப்பாக்கம் அரண்மனையில் இயங்கி, 1920-இல் கிண்டியில் தனக்கென்று கட்டப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பானது. நில அளவைச் சங்கிலியும் வரைபலகையும் கொண்டு தொடங்கிய ஒரு படிப்பு, நீராவி எந்திரத்தையும் மின்சாரத்தையும் உள்வாங்கி, இன்று அணு அளவில் பரப்பைத் தடவிப் பார்க்கும் நுண்ணோக்கி வரை வந்திருக்கிறது. படிப்பு மாறிய வேகத்தில் சுவர் மாறாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் உலகெங்கும் பழைய பொறியியல் கட்டடங்களின் முதுகில் புதிய ஆய்வகங்கள் முளைக்கின்றன.

கிண்டிக் கட்டடத்தின் தலைமுறையைச் சேர்ந்த சென்னைக் கட்டடங்கள் எதற்காகக் கட்டப்பட்டவை என்பதிலிருந்து யோசனையைத் தொடங்க வேண்டும். அவை மனிதர்கள் மூச்சுவிடுவதற்காகக் கட்டப்பட்டவை. இரண்டு அடிக்குக் குறையாத செங்கல் சுவர்கள் பகல் வெயிலை மாலை வரை உள்ளே விடாமல் தாங்கும். பதினைந்து அடிக்கு மேல் உயர்ந்த கூரை, சூடான காற்றைத் தலைக்கு மேலே வைத்திருக்கும். நீண்ட தாழ்வாரங்கள் வகுப்பறைச் சுவரின்மீது வெயிலோ ஐப்பசி மழையோ நேரே படாமல் காக்கும். எதிரெதிரான உயர்ந்த சன்னல்கள், நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து புறப்படும் கடற்காற்றை அறைக்குள் இழுத்து மறுபக்கம் விடும். கூரை பெரும்பாலும் 'மெட்ராஸ் டெரஸ்' என்ற வகை; கட்டைக்குத்துத் தளம் என்று கொத்தனார்கள் சொல்வது. தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்து முடிப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் அந்தச் சாந்தில் சேரும். இத்தகைய கட்டடத்துக்குச் சுவரும் சுவாசிக்கும் தோல். மழையில் ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சால் அதை அடைத்தால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லோடு பூச்சு கழன்று விழும்.

இந்த உடம்பின்மீது கடந்த ஐம்பது ஆண்டுகளில் நிகழ்ந்ததைத் தமிழ்நாட்டின் எந்தப் பழைய அரசுக் கல்லூரியிலும் பார்க்கலாம். முதலில் ஒரு சன்னலை அடைத்து ஏ.சி. பெட்டி வைக்கப்படும், பின்னர் குளிர் வீணாகிறது என்று பொய்க்கூரை வரும், பொய்க்கூரைக்கு மேலே யாரும் பார்க்காத இருட்டில் மின்கம்பிகள் தேக்கு உத்தரத்தின்மீது படரும், வெளிப்பெட்டியிலிருந்து சொட்டும் நீர் சுவரில் பச்சைக் கோடு போடும், மேற்கு வராந்தா ஒருநாள் அலுமினியச் சட்டத்தால் மூடப்பட்டுக் 'கணினி ஆய்வகம்' என்ற பலகை ஏறும். ஒவ்வொரு படியும் தனித்தனியே நியாயமானது, ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் பெற்ற கோப்பு இருக்கும், எல்லாம் சேர்ந்து கட்டடத்தை நோயாளியாக்கிவிடும். புதிய ஆய்வகக் கட்டடம் வேண்டும் என்பதற்கு இட நெருக்கடியே காரணம் என்று திட்ட அறிக்கைகள் எழுதுகின்றன. அதைவிட வலுவான காரணம், இனியும் ஆய்வகமாக இருக்கும் சுமையைப் பழைய கட்டடத்தின் தோளிலிருந்து இறக்குவது. அப்படிப் பார்த்தால், புதிய கட்டடத்தின் முதல் பயனாளி பழைய கட்டடம்தான்.

என்ன சுமை என்பதற்கு எண்கள் உண்டு. பாலத் துண்டுகளையும் தூண்களையும் உடைத்துச் சோதிக்கும் கட்டமைப்பு ஆய்வகத்துக்குத் 'திண்தளம்' தேவை: ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிமனில் இரும்புக் கம்பி செறித்த கான்கிரீட் பலகை, அதில் சீரான இடைவெளிகளில் நங்கூரத் துளைகள், பக்கத்தில் அதே பருமனில் எதிர்விசையைத் தாங்கும் சுவர். நூறு டன் விசையால் ஒரு தூணை அமுக்கினால் அந்த நூறு டன்னும் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். அது அந்தத் தளத்துக்குள்ளேயே சுற்றி முடிந்துவிட வேண்டும், அடுத்த அறைக்கு வரக் கூடாது. இதற்கு நேர் எதிரான தேவை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு. அதிர்வைத் தரை அசையும் வேகத்தால் அளப்பார்கள். விநாடிக்கு 100 மைக்ரோமீட்டர் அளவில்தான் மனித உடல் அதிர்வை உணரத் தொடங்குகிறது, ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நுண்கருவிகளுக்கென்று வகுக்கப்பட்ட அளவுகோலில் மிகத் தாராளமான படியே 50. கடுமையான படிகள் 6, 3 என்று இறங்கும். பக்கத்து அறையில் நாற்காலியை இழுத்தாலும் படம் கலங்கிப்போகும் நிலை அது. தூணை உடைப்பவரும் அணுவைப் பார்ப்பவரும் ஒரே துறைக் கூரையின்கீழ் வேண்டும் என்று கேட்கிறது நவீனப் பொறியியல். சென்னையில் இது ஏட்டுச் சிக்கல் அன்று. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டச் சுரங்கம் கிரீன்வேஸ் சாலையிலிருந்து ஆற்றின் அடியாக அடையாறு சந்திப்பை நோக்கிச் செல்கிறது. சர்தார் பட்டேல் சாலையின் போக்குவரத்து இரவிலும் ஓய்வதில்லை. நகரமே மெல்லிய நடுக்கத்தில்தான் நிற்கிறது.

இதற்கான விடையை இந்த நகரம் ஒருமுறை கண்டிருக்கிறது, அதுவும் அந்த நில அளவைப் பள்ளியைத் தொடங்கியவரின் கையாலேயே. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகத்தை வடிவமைத்தவர் மைக்கேல் டாப்பிங். ஒரே ஒரு அறை. அதன் நடுவில் 15 அடி உயரமும் ஏறத்தாழ 10 டன் எடையும் கொண்ட கருங்கல் தூண். விண்மீன்கள் உச்சிக் கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறிக்கும் கருவி அறையின் தரைமீது நிற்கவில்லை, தூணின்மீது நின்றது. பார்ப்பவர் தரையில் நடக்கலாம், கதவு அடித்துக்கொள்ளலாம், கருவி அசையாது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பொறிப்பு பெற்ற அந்தத் தூண், வானாய்வகம் மறைந்த பின்னும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. கட்டடம் போய்விட்டது, கருவி போய்விட்டது, அடித்தளம் மட்டும் எஞ்சியது என்பதில் வரலாற்றின் சிறு குறும்பும் உண்டு. இன்றைய ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கென்று தரையை வெட்டிப் பிரித்துத் தனி அடித்தளத்தில் கான்கிரீட் கட்டியை வார்க்கும்போது நடப்பது அதேதான்: கருவிக்கு ஒரு பூமி, மனிதருக்கு ஒரு பூமி. கிண்டியிலும் அதன் தெற்கிலும் மேற்கிலும் சார்னோக்கைட் என்னும் கரும்பாறை பல இடங்களில் ஆழமில்லாமலே கிடைக்கிறது என்பதால், இந்தக் கட்டிக்குக் கீழே நல்ல துணையும் உண்டு. ஆற்றுக்கு வடக்கே, ராஜா அண்ணாமலைபுரத்தின் மணலும் களியும் கலந்த கழிமுக மண்ணில் இதே காரியம் பலமடங்கு கடினம்.

எடையையும் அதிர்வையும்விட வடிவமைப்பைத் தீர்மானிப்பது காற்று. நச்சு ஆவி எழும் வேலைகளை 'ஃப்யூம் ஹூட்' எனப்படும் கண்ணாடிக் கூண்டுக்குள் செய்கிறார்கள். முன்பக்கக் கண்ணாடியைச் சற்று உயர்த்திக் கையை மட்டும் உள்ளே விட்டு வேலை பார்க்க, மேலே இருக்கும் விசிறி அறைக் காற்றைக் கூண்டுக்குள் இழுத்துக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடும். ஒன்றரை மீட்டர் அகலமுள்ள கூண்டில் கண்ணாடியை 45 சென்டிமீட்டர் உயர்த்தி, வாயிலில் காற்று விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நுழைய வேண்டும் என்று வைத்தால், மணிக்கு ஏறத்தாழ 1,200 கன மீட்டர் காற்று வெளியே போகிறது. போகும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். அலுவலகக் கட்டடத்தைப் போல் உள்காற்றையே சுழற்ற முடியாது. சென்னையின் புழுக்கமான நாளில் ஒரு கன மீட்டர் வெளிக்காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரியில் ஈரப்பதம் பாதியாக உள்ள அறைக்கு 11 கிராம்தான் பொறுக்கும். மிச்சத்தைக் குளிர்சுருளில் நீராக்கிப் பிழிந்தெடுக்க வேண்டும். கணக்கிட்டால், ஒரே ஒரு கூண்டுக்காக மணிக்கு 15 லிட்டர், அதாவது ஒரு குடம் தண்ணீர், சென்னைக் காற்றிலிருந்து இறங்குகிறது. பத்துக் கூண்டுகள் எட்டு மணி நேரம் ஓடினால் 1,200 லிட்டர். 2019 கோடையில் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்த நகரத்தில், உப்பே இல்லாத இந்தத் தண்ணீர் மாடிக் குழாயில் வழிந்து சாக்கடையில் சேர்வது பார்க்கக் கூசும் காட்சி. அதைத் தொட்டியில் பிடித்துக் குளிர்கோபுரத்துக்குத் திருப்புவது வடிவமைப்பின் முதல் தாளிலேயே வர வேண்டிய கோடு. பின்னர் சேர்த்தால் ஒருபோதும் சேராது.

வெளியேறும் காற்றின் கதை இன்னும் நுட்பமானது, இதை வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் சொல்லித் தருவதும் இல்லை. குளிர்நாடுகளில் பழைய கட்டடமும் புதிய கட்டடமும் கண்ணாடி அடைத்துத்தான் இருக்கும். இங்கே பழைய கட்டடம் சன்னலைத் திறந்து வைத்து வாழ்வது. புதிய ஆய்வகத்தின் புகைக்குழாய் தன் கூரையிலிருந்து மூன்று மீட்டர் உயர்ந்தால் போதும் என்ற பொதுவிதியை மட்டும் நம்பினால், ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் பக்கத்து வகுப்பறை மாணவர்கள் ஆய்வகத்தின் கழிவைச் சுவாசிப்பார்கள். புதிய கட்டடத்தைக் கிழக்கே வைத்தாலோ பிற்பகல் கடற்காற்றே மறிக்கப்பட்டு, பழைய அறைகள் அவியத் தொடங்கி, இரண்டே ஆண்டில் அங்கேயும் ஏ.சி. பெட்டிகள் தொங்கும். ஆகவே இடம் மேற்கில், நடுவில் முற்றம் விட்டு. புகைக்குழாய்கள் அதிலும் தொலைவான மேற்கு ஓரத்தில், பழைய கூரையையும் கடந்த உயரத்தில். மேற்கு வெயிலைப் புதிய கட்டடம் வாங்கிக்கொள்ள, பழையது அதன் நிழலில் நிற்கும். அடுக்களையைக் காற்று போகும் திசையில் வைத்த வீட்டுக்காரருக்கு இது புதிய செய்தியாக இராது.

கட்டடக்கலை வரலாற்றில் இந்தப் பகுப்பைக் கோட்பாடாக உயர்த்தியவர் லூயி கான். ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காக 1957-இல் தொடங்கி அவர் கட்டிய ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகங்களில், மனிதர் வேலை செய்யும் அறைகளைப் 'பணி பெறும் இடம்' என்றும், காற்றுக்குழாய், படிக்கட்டு முதலியவற்றைப் 'பணி செய்யும் இடம்' என்றும் பிரித்து, இரண்டாவதைச் செங்கல் கோபுரங்களாக வெளியே நிறுத்தினார். கட்டடம் உடனே புகழ் பெற்றது. உள்ளே வேலை செய்தவர்களோ வெயில் கூசியதால் சன்னல்களில் அலுமினியத் தாளை ஒட்டினார்கள், இடம் போதவில்லை என்றார்கள், மேலே திறந்து கிடந்த குழாய்களிலிருந்து தூசி விழுகிறது என்றார்கள். அவ்வளவையும் அறிந்துகொண்டு, 1965-இல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் ஒவ்வொரு ஆய்வுத் தளத்துக்கு மேலும் ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய ஒன்பது அடிக் குழாய்த் தளத்தை வைத்தார். கீழே ஆய்வு நடந்துகொண்டிருக்க, மேலே பிளம்பர் குழாயை மாற்றிக்கொண்டிருக்கலாம். அகமதாபாத்தில் அவர் எழுப்பிய செங்கல் வளைவுகளைப் போற்றும் இந்தியக் கட்டடக்கலைஞர்கள் பிளம்பர் நிமிர்ந்து நடக்கும் அந்த ஒன்பது அடியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

உயரம் பற்றிய அந்தப் பாடம் கிண்டி போன்ற இடத்தில் எதிர்பாராத வகையில் உதவிக்கு வருகிறது. ஆய்வகத்தில் மனிதருக்கு மூன்று மீட்டரும் குழாய்களுக்கு ஒன்றரை மீட்டரும் என்று பார்த்தால் தளத்துக்குத் தளம் நான்கரை மீட்டராவது வேண்டும். பத்தடிக் கூரையோடு 1970-களில் கட்டப்பட்ட கான்கிரீட் துறைக் கட்டடங்களோடு அதை இணைத்தால் தளங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல், இணைப்பு வழி முழுவதும் சரிவும் படியுமாகும். வெக்கைக்காக உயர்த்திக் கட்டிய நூற்றாண்டுப் பழைய கட்டடத்தின் தளங்களோ புதிய ஆய்வகத் தளங்களோடு ஏறத்தாழ நேராக வந்து நிற்கும். வாயு சிலிண்டர் ஏற்றிய தள்ளுவண்டி ஒரு படியும் இல்லாமல் இங்கிருந்து அங்கே உருளும். அன்றைய காற்றோட்டக் கணக்கும் இன்றைய குழாய்க் கணக்கும் ஒரே எண்ணில் சந்திப்பது தற்செயல்தான், ஆனால் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய தற்செயல்.

எல்லா முன்மாதிரிகளும் கடல் கடந்து வருவதில்லை. ஜேம்ஸ் ஸ்டர்லிங்கும் ஜேம்ஸ் கோவனும் வடிவமைத்து 1963-இல் முடிந்த இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகப் பொறியியல் கட்டடம் ஒரு தலைமுறையையே கவர்ந்தது. நீரியல் ஆய்வகத்துக்கு நூறடி உயரத்திலிருந்து இறங்கும் நீரழுத்தம் வேண்டும் என்பதால் தொட்டியைத் தூக்கி வைக்கக் கோபுரம் பிறந்தது. பட்டறைக் கூரை முழுவதும் வடக்கு வெளிச்சத்துக்காக மனையின் கோணத்துக்குக் குறுக்கே 45 பாகையில் திருகிய கண்ணாடி வரிசைகளானது. வடக்கிலிருந்து வெயில் வராது, வெளிச்சம் மட்டுமே வரும் என்பது அங்கே உண்மை. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால், சித்திரை நடுவில் தலைக்கு நேரே வரும் சூரியன் ஆவணித் தொடக்கம் வரை நண்பகலில் வடக்குப் பக்கமே சாய்ந்திருக்கும். ஆண்டின் மிகக் கொடிய வெயிலே வடக்குச் சன்னல் வழியாக வரக்கூடிய ஊர் இது. லெஸ்டரின் ரம்பப்பல் கூரையைப் படத்தில் பார்த்து இங்கே வார்த்தால், அக்கினி நட்சத்திரத்தில் நுண்கருவிகளின்மீது நேர் வெயில் விழும். வடக்குச் சன்னலுக்கும் வெயில் மறைப்புப் பலகை வேண்டும் என்பது நம் பழைய வராந்தாவுக்குத் தெரியும். கட்டடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் அது ஓடியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகுதான் முகத்தைப் பற்றிய கேள்வி வர வேண்டும். நடைமுறையில் முதலில் வருவது அதுதான். புதிய கட்டடம் பழையதைப் போல் இருக்க வேண்டுமா, வேறாகத் தெரிய வேண்டுமா? கிண்டிக் கல்லூரியின் முந்தைய வீடான சேப்பாக்கம் அரண்மனையே இதில் ஒரு வழக்கு. 1768-இல் நவாப் வாலாஜாவுக்காக எழுந்த அரண்மனையின் கலச மஹால், ஹுமாயூன் மஹால் என்னும் இரு பகுதிகளுக்கு நடுவே, அரண்மனை அரசுக்குக் கைமாறிய பின் கட்டடக்கலைஞர் ராபர்ட் சிஷோம் ஒரு கோபுரத்தை எழுப்பினார். அரண்மனையின் மொழியிலேயே அவர் பேசியதால், அந்தக் கோபுரம்தான் அரண்மனை என்று இன்று வழிப்போக்கர்கள் நம்புகிறார்கள். இதற்கு மாறாக, நினைவுச்சின்னங்களைப் பேணுவது பற்றி 1964-இல் வெனிஸில் வகுக்கப்பட்ட சாசனம், சேர்க்கப்படுவது பழையதிலிருந்து பிரித்தறியும்படி தன் காலத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும் என்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் திருச்சுற்றில் நாயக்கர் காலத்தில் சேர்ந்த முருகன் சன்னதியோ மூன்றாவது வழி: சோழர் விமானத்தைப் போலச் செய்யவும் இல்லை, அதோடு போட்டியிடவும் இல்லை, சிறிதாக, விலகி, தன் காலத்தின் நுண்வேலையோடு வடமேற்கு மூலையில் நிற்கிறது. ஆய்வகத்துக்கு ஏற்றது இந்த மூன்றாவது வழியே. சிஷோமின் வழி கோபுரத்துக்குச் சரி. இருபது புகைக்குழாய்களுக்கு இந்தோ-சாரசனியக் குவிமாடத் தொப்பி மாட்டினால் அது மரியாதையும் ஆகாது, மறைப்பும் ஆகாது. வெனிஸ் சாசனத்தின் பெயரைச் சொல்லிச் சிவப்புச் செங்கல்லுக்குப் பக்கத்தில் நீலக் கண்ணாடியை நிறுத்துவோர் சாசனத்தின் எழுத்தைக் காத்துச் சென்னை வெயிலை மறந்தவர்கள்.

சேப்பாக்கம் இன்னொன்றையும் காட்டியது. 2012 ஜனவரியில் கலச மஹால் தீப்பிடித்து மரக்கூரை சரிந்தபோது, தேக்கு உத்தரம் சுமந்த கட்டடத்தில் நவீன அலுவலகம் நடத்துவதன் ஆபத்து நகரம் முழுவதற்கும் தெரிந்தது. பின்னர் பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே மீட்டெடுத்தது. அந்தக் கைவேலை இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதும் அப்போது தெரிந்தது. கரைப்பான்களும் ஹைட்ரஜன் சிலிண்டர்களும் அத்தகைய கூரையின்கீழ் இருக்கவே கூடாது என்பதற்கு இதற்கு மேல் வாதம் வேண்டியதில்லை.

நீரைப் பற்றியும் ஒரு சொல். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவில் நீர் திறக்கப்பட்டு அடையாறு பெருகியபோது, கோட்டூர்புரத்தில் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. ஆய்வகத் திட்டங்களில் அதிர்வுக்கு அஞ்சிக் கருவியை நிலவறைக்குள் இறக்குவதும், இடத்தை மிச்சப்படுத்த மின்மாற்றியையும் ஜெனரேட்டரையும் அதன் பக்கத்தில் வைப்பதும் உலக வழக்கம். ஆற்றுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் அதைச் செய்பவர், ஆற்றோரம் நிற்கும் பிராடி கோட்டையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அதைக் கட்டிய ஜேம்ஸ் பிராடி அதே அடையாற்றில் படகு கவிழ்ந்து இறந்தார். இன்று அங்கே இசைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

அலுவல் முறையின் ஒரு பழக்கம் இவ்வளவு சிந்தனையையும் வீணாக்க வல்லது. கட்டடத்துக்கு ஒரு நிதி, கருவிக்கு வேறு நிதி, இரண்டுக்கும் வேறு வேறு ஆண்டு என்பதால், எந்தக் கருவி வரும் என்று தெரியாமலே கட்டடம் எழுகிறது. பிறகு பெட்டியில் வந்திறங்கும் கருவிக்குக் கதவு போதாமல் சுவரை இடிப்பது, அரிதான நிகழ்ச்சி என்று சொல்ல முடியாத அளவுக்கு நடக்கிறது. இதற்கு மருந்து எல்லாவற்றையும் முன்கூட்டித் தீர்மானிப்பதன்று. பத்தாண்டில் கருவி எப்படியும் மாறும். இரண்டு மேசை வரிசைகளும் நடுவே ஒருவர் பின் ஒருவர் கடக்கும் வழியும் கொண்ட 3.3 மீட்டர் அகலத்தை அடிப்படை அலகாக வைத்து, குழாய்களும் மின்சாரமும் ஒவ்வொரு அலகுக்கும் தனித்தனியே திறந்து மூடும்படி அமைத்துவிட்டால், சுவர்களை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். காலியாகும் பழைய அறைகளுக்கு அவற்றின் முதல் வேலை திரும்பக் கிடைக்கும்: வகுப்பு, வரைகூடம், நூலகம், பேச்சு. ஆய்வாளர் நாளில் பாதி நேரம் கருவி முன்னால் இருப்பதில்லை, எழுதிக்கொண்டோ வாதிட்டுக்கொண்டோ இருக்கிறார். அந்தப் பாதிக்குச் சன்னல் திறந்த உயர்ந்த அறையை விடச் சிறந்த இடத்தை யாரும் இன்னும் கட்டிவிடவில்லை.

கடைசியில் எல்லாம் வந்து சேர்வது, முற்றத்தைக் கடந்து வரும் இணைப்பு வழியில் இரண்டு கட்டடங்களும் சந்திக்கும் இடுக்கில்தான். பழைய சுவர் அகலமான செங்கல் அடிமானத்தில், ஆழமில்லாமல், நூறாண்டாகத் தன் எடையில் அமர்ந்து முடித்தது. புதியது நிலத்துக்குள் இறங்கிய அடித்தூண்களின்மீது நின்று இனிமேல்தான் அமரப் போகிறது. இரண்டையும் கம்பி போட்டுக் கட்டினால் புதியது இறங்கும்போது பழையதையும் இழுத்து விரிசல் விடும். 2002-இல் திருத்தப்பட்ட நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. பூமி அசைந்தால் தடித்த செங்கல் கட்டடமும் ஒல்லியான கான்கிரீட் சட்டகமும் வேறு வேறு தாளத்தில் ஆடி ஒன்றையொன்று மோதும். எனவே நடுவே இடைவெளி விட்டாக வேண்டும், மூன்று தளங்களுக்கே பத்து சென்டிமீட்டர் அளவில் வரலாம். அடித்தூண்களை இடித்து இறக்காமல் துளையிட்டு வார்க்க வேண்டும். பழைய சுவரில் இருக்கும் ஒவ்வொரு விரிசலின் குறுக்கிலும் கண்ணாடிச் சில்லைச் சாந்தில் பதித்து நாள் குறித்து வைக்க வேண்டும், சில்லு உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது என்று பொருள். நடக்கும் வழியில் அந்த இடைவெளியை, ஒரு பக்கம் மட்டும் திருகி மறுபக்கம் வழுக்கும் பித்தளைத் தகடு மூடியிருக்கும். நடப்பவருக்குக் காலடியில் சிறு ஒலி மட்டும் கேட்கும்.

வரைபடத்தில் இது மெல்லிய இரட்டைக் கோடு. கட்டி முடித்த மறு ஆண்டிலிருந்து அது ஒரு இடம். மழைநீர் அங்கே தேங்கும், புறா அங்கே அடையும், புறாவும் காக்கையும் போட்ட விதையில் அரசங்கன்று முளைக்கும். அரசவேருக்குச் சிமெண்ட் பிடிக்காது, சுண்ணாம்புச் சாந்து பிடிக்கும். அது புதிய கட்டடத்தை விட்டுவிட்டுப் பழையதற்குள் இறங்கும். பழைய கட்டடம் ஒரு பிரிவின் பராமரிப்பில், புதியது வேறு பிரிவின் பராமரிப்பில் இருக்கும். இடுக்கு எந்தப் பதிவேட்டிலும் இராது. வடிவமைப்பாளர் அந்த இடுக்கை எட்டும்படி ஓர் ஆள் இறங்க ஏணிப்படியும், நிற்க ஒரு சிறு மேடையும், மொட்டைமாடியிலிருந்து திறக்கும் பூட்டில்லாக் கதவும் வரைந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பத்து சென்டிமீட்டரில் ஆள் இறங்க முடியாது என்பதால், அடித்தளத்திலும் கூரையிலும் இடுக்கை அகலப்படுத்தி, நடுவில் மட்டும் ஒடுக்கி, கையும் அரிவாளும் எட்டும்படி செய்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில், ஒருவர் அந்தக் கதவைத் திறந்து கன்று விரல் பருமன் ஆவதற்குள் வேரோடு பிடுங்கிவிட்டுப் போவார்.